கமிட்டியில் போட்டுவிட்டார்களாமே

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

அப்புறம் அந்தக் கருத்தரங்கக் கமிட்டி. "ஒரு பெண் வேண்டுமே என்று என்னைப் போட்டிருக்கிறார்கள், மாட்டேன் என்று சொல்லிவிடட்டுமா" என்று கேட்டிருந்தாய். சொல்லாதே. அப்படித்தான் போட்டிருப்பார்கள், இருக்கட்டுமே, பேச்சாளர் பட்டியல் போடும்போது நீயும் அங்கே இருப்பாய் இல்லையா?

அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் இரண்டு பெரிய மாநாடுகளில் நடந்த 460 அமர்வுகளை எடுத்து நுண்ணுயிரியல் விஞ்ஞானிகள் ஆர்ட்டுரோ காசடெவாலும் ஜோ ஹேண்டல்ஸ்மனும் 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அமர்வை ஏற்பாடு செய்தவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தால், ஆண்கள் மட்டுமே கூடி ஏற்பாடு செய்ததைவிடப் பெண் பேச்சாளர்களின் பங்கு 72 சதவீதம் அதிகம். யாரும் சதி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. யாரைக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தால் கூடப் படித்தவன், ஒரே லேபில் இருந்தவன், போன மாநாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்றுதான் முதலில் பெயர் வருகிறது. காசடெவால் இந்தக் கணக்கை நிகழ்ச்சிக் குழுவிடமே காட்டி, ஏற்பாட்டில் பெண்களைச் சேருங்கள், ஆண்கள் மட்டும் பேசும் அமர்வு வேண்டாம் என்று நேராகக் கேட்டுக்கொண்டார். அந்தச் சங்கத்தின் 2015 பொது மாநாட்டில் பேசியவர்களில் 48.5 சதவீதம் பெண்கள். அதற்குள் புதிதாக அத்தனை பெண் விஞ்ஞானிகள் எங்கிருந்து வந்திருக்க முடியும், முன்பும் அங்கேதானே இருந்தார்கள்!

"கூப்பிட்டால் பெண்கள் வருவதில்லை மேடம்" என்று ஒருவராவது சொல்வார். அமெரிக்காவின் 50 பல்கலைக்கழகங்களில் துறைகள் வெளியாட்களை அழைத்து நடத்திய உரைகளை வைத்துச் செய்த ஆய்வில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் மறுத்ததாகத் தெரியவில்லை, அதைச் சொல்.

கணிதக்காரர்கள் கதை இன்னும் மோசம். அவர்களுடைய உலக மாநாட்டில் 1932இல் சூரிச்சில் எம்மி நோதர் எல்லோருக்குமான பேருரை ஆற்றினார், அடுத்த பெண் கேரன் உலன்பெக், 1990இல், கியோட்டோவில். நடுவில் 58 வருஷம். 2010இல் ஹைதராபாத்தில் நம் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா அதே பேருரை ஆற்றினார்.

முதல் கூட்டத்துக்கே போய்விடு. வரவேற்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்கிக்கொள்ளாதே, பேச்சாளர் தேர்வில் மட்டும் இருக்கிறேன் என்று சொல். எந்தெந்தத் தலைப்பில் ஆள் வேண்டும் என்று எழுது, என்னிடம் பெயர்கள் இருக்கின்றன.

அன்புடன்,
சுகந்தி