காவிரிப் படுகைக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் பட்டாம்பூச்சிகளைப் பற்றிய கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் வரும் தன்னார்வலர்களுள் ஒருவனாக, கும்பகோணத்திலிருந்து இம்மடலை எழுதுகிறேன். நம் பகுதிக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் வளாகத்துப் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுத்துத் திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு அவ்வறிக்கைகள் துறை அலமாரிக்குள் போய்விடுகின்றன. எங்கள் கட்டுரைகளில் எது இல்லையோ அது அந்த அலமாரிகளில் இருக்கிறது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கட்டுரைகளில் பல, இறக்கையின் நிறத்தையும் இனம் பரவியுள்ள நாடுகளையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. புழு எந்தச் செடியைத் தின்னும், எந்த மாதத்தில் கண்ணில் படும் என்பவற்றை, அதுவும் நம் மண்ணை வைத்து, சொல்ல எங்களிடம் சான்று இல்லை. சென்ற ஆண்டு ஓர் ஆசிரியர் தம் துறையிலிருந்த பழைய அறிக்கை ஒன்றை எனக்குக் காட்டினார். அதில் ஒரு படம்: நெல் தோகையோடு ஒட்டிக் கிடக்கும் பச்சைப் புழு, அதன் தலையில் இரண்டு கொம்புகள். படத்தின் கீழே நீல மையில் நாளும் ஊரும், ‘சம்பா, தூர் கட்டும் பருவம்’ என்ற குறிப்பும் இருந்தன. அது மெலானிடிஸ் லெடா என்னும் பட்டாம்பூச்சியின் புழு. பகலெல்லாம் சருகுக்குள் பதுங்கியிருந்து, அந்தி மங்கும்போது பறந்து, சில வேளைகளில் விளக்கொளியைத் தேடி வீட்டுக்குள்ளும் வந்துவிடும் இந்தப் பட்டாம்பூச்சியை டெல்டாவில் பார்க்காதவர்கள் குறைவு. மழைக்காலத்தில் இதன் இறக்கையின் அடிப்புறத்தில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாகத் தெரியும். வறண்ட காலத்தில் அவை மங்கி மறைந்து, இறக்கை முழுவதும் காய்ந்த இலையைப் போல ஆகிவிடும். ஐப்பசி மழையில் எடுத்த படத்தையும் பங்குனி வெயிலில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், பழகாதவர்கள் இரண்டு வேறு இனங்கள் என்றே எண்ணுவார்கள். ஆகவே நாள் குறித்த ஒரு படம், நாள் குறிக்காத நூறு படங்களைவிட எங்களுக்குப் பெரிது.

கூட்டாக எழுதுவதன் பயனையும் ஓர் எடுத்துக்காட்டால் சொல்ல விரும்புகிறேன். வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியைப் பற்றிய கட்டுரைக்கென்று நான் ஒரு படத்தைச் சேர்த்திருந்தேன். பின்னிறக்கையின் நடுவில் உள்ள கரும்புள்ளிகளை எண்ணிப் பார்க்கும்படி, முகமறியாத ஒரு பங்களிப்பாளர், கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கென உள்ள பேச்சுப் பக்கத்தில் கேட்டார். வெந்தய வரியனுக்கு அங்கே மூன்று அல்லது நான்கு புள்ளிகள் இருக்கும். என் படத்தில் அவை இல்லை. அது வெந்தய வரியனைப் போலவே வேடமிட்டுப் பறவைகளை ஏமாற்றும் ஹைபோலிம்னாஸ் மிசிப்பஸ் இனத்துப் பெண் பூச்சி. முன்னதன் புழு எருக்கிலையைத் தின்னும், பின்னதன் புழு பருப்புக்கீரையைத் தின்னும். அன்று மாலைக்குள் படம் உரிய கட்டுரைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எங்களுக்கு உண்டு. ஒரு கல்லூரியில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரே வாரத்தில் பத்துக் கட்டுரைகளைச் சேர்க்க வேண்டும் என்று பணித்திருந்தார்கள். ஆங்கிலக் கட்டுரைகள் இயந்திர மொழிபெயர்ப்பில் அப்படியே வந்து குவிந்தன. எலுமிச்சைக்கும் சுண்ணாம்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், கொல்லைப்புறத்து எலுமிச்சை அழகி ‘சுண்ணாம்புப் பட்டாம்பூச்சி’ ஆகியிருந்தது. நாங்கள் நான்கு பேர் மூன்று மாதம் உட்கார்ந்து அவற்றைத் திருத்தினோம். திருத்த முடியாதவற்றை நீக்கினோம். மாணவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. எண்ணிக்கையைக் கேட்டவர்களிடம் அவர்கள் எண்ணிக்கையைக் கொடுத்தார்கள். ஆனால் 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இனத்துக்குத் ‘தமிழ் மறவன்’ என்று பெயர் சூட்டத் தெரிந்த மொழியில், சுண்ணாம்பு என்ற பெயர் சில வாரங்களேனும் நின்றது எனக்கு மிகவும் வலித்தது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன சிலவே. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட இயலாது. வெளியான நூலோ இதழோ அறிக்கையோ வேண்டும். நல்ல கணக்கெடுப்பு அறிக்கைகளைத் துறை சரிபார்த்து, கல்லூரி இணையதளத்திலேனும் ஆண்டு குறிப்பிட்டு முறையாக வெளியிட்டால், அவற்றை மேற்கோள் காட்ட எங்களுக்கு வழி பிறக்கும். படங்களை எடுத்த மாணவர்களின் இசைவோடும் பெயரோடும், யாரும் எடுத்துப் பயன்படுத்த இசைவளிக்கும் கட்டற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்ற ஊக்குவியுங்கள். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை என்பதை அவர்களிடம் முன்னரே விளக்கிவிடுவது நல்லது. கட்டுரை எழுதவைப்பதானால், ஒரு பருவத்துக்கு ஒரு குழுவுக்கு ஒரே ஒரு கட்டுரை போதும். மதிப்பெண்ணைச் சொற்களின் எண்ணிக்கைக்குத் தராமல், பேச்சுப் பக்கத்தில் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கும் சேர்த்த சான்றுகளுக்கும் தாருங்கள்.

கொன்னை வெள்ளையன் என்னும் பட்டாம்பூச்சியிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். அதன் புழு தின்னும் சரக்கொன்றை நம் கல்லூரி வளாகங்கள் பலவற்றில் நிற்கிறது. ஐந்து மாணவர்களும் ஒரு கணினி அறையும் கிடைத்தால், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் எங்காயினும் சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் நேரில் வந்து உடன் அமர்ந்து எழுதுகிறோம்.

தங்கள் அன்புள்ள,
தமிழ் விக்கிப்பீடியாப் பங்களிப்பாளர் ஒருவர்,
கும்பகோணம்.