தம்பூரா போடுபவரை மறந்துவிடாதே

அன்புள்ள நண்பா,

மகளுக்கு மார்கழி சீசனில் மதியக் கச்சேரி கிடைத்திருக்கிறது என்று நீ எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தனை மகிழ்ச்சி! டிக்கெட் இல்லாத அந்த நேரத்தில் கூட்டம் குறைவாக இருக்கலாம். ஆனால் வருகிறவர்கள் பாட்டுக்காகவே வருகிறவர்கள். குழந்தையிடம் சொல்லிவை.

சபாவில் யார் யாருக்கு என்ன கொடுப்பது என்று கேட்டிருந்தாய். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நீ எப்படியும் உறையில் வைத்துக் கொடுத்துவிடுவாய். விட்டுப்போவது தம்பூரா போடுபவர்தான். கச்சேரி முழுக்கச் சுருதியைத் தாங்கிவிட்டு, பல நேரம் பெயர்கூட அறிவிக்கப்படாமல் மேடையை விட்டு இறங்கிப் போவார். அவருக்குத் தாராளமாகக் கொடு. மைக் பார்ப்பவர், வெந்நீர் பிளாஸ்க் கொண்டுவந்து வைப்பவர், வாசல் காவலாளி என்று ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கையில் நூறு இருநூறாவது கொடு. மேடையில் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார்கள். கேண்டீனிலும் அப்படித்தான். கல்லாவில் விட்டுவராதே. இலையில் பரிமாறியவரிடமே கொடு.

போன சீசனில் ஒரு சபா கேண்டீனில் பார்த்தது இன்னும் மனதை அறுக்கிறது. அரங்கின் பேனரில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருந்த நன்கொடையாளர் ஒருவர், காபி வரத் தாமதமானதற்காகத் தன் தந்தை வயதுக்காரரை ஒருமையில் அதட்டினார். எழுந்து போகும்போது பத்து ரூபாய்கூட வைக்கவில்லை. அன்று மாலைக் கச்சேரியில், நன்கொடையாளர்களுக்கென்று ஒதுக்கிய முன்வரிசையில் பாதி காலி. வெளியே டிக்கெட் கிடைக்காமல் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் தெரியுமா?

வசதி உள்ளவர்கள் இல்லாமல் நம் சங்கீதம் பிழைத்திருக்காது என்பதை நான் மறுக்கவில்லை. உன் கோவில்பட்டிக்குப் பக்கத்து எட்டயபுரத்தையே எடுத்துக்கொள். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற இசை நூல் 1904இல் அச்சேறியது அந்த சமஸ்தானத்தின் ஆதரவில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கிருதிகள் சுரக் குறிப்போடு நமக்குக் கிடைத்தது அதனால்தான். உன் மகள் பாடப்போகும் தீட்சிதர் கிருதியும் அதில் இருக்கலாம், எடுத்துப் பார்க்கச் சொல். கொடுத்த பணம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதால்தான் அந்த ஜமீன் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. இன்றைக்குக் கொடுப்பது பேனரோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் உறுப்பினராக இருக்கும் சபாவின் செயலாளரிடம் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு நன்கொடையிலும் ஒரு பங்கை அரங்க ஊழியர்களுக்கும் தம்பூராக் கலைஞர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டேன். 'கமிட்டியில் வைக்கிறேன்' என்றார். விடப்போவதில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில்தானே வருகிறீர்கள்? தேதியை எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். தங்கையையும் அவசியம் அழைத்து வா. இங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் நண்பன்