பூட்டிய வீட்டுக்குள் ஒரு பிள்ளை

அன்புள்ள சிவகாமி,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை நீ போனில் சொன்ன அன்று நானும் ஒன்று சொல்ல இருந்தேன். நல்ல நேரத்தில் வேண்டாமென்று விட்டுவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை.

நம் ஊர்க் கண்மாய்க்கரைப் பெரிய வீடு உனக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த மதில் பக்கம் வந்தாலே பையைக் கட்டிக்கொண்டு ஓடுவோமே, அதேதான். உள்ளே ஆச்சி நடமாடுகிற சத்தம் கேட்கிறது என்று இன்றைக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். பர்மாவில் சம்பாதித்த காலத்தில் கட்டியது. 1942இல் ஜப்பான்காரன் அங்கே நுழைந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பியவர்களின் வீடு. இப்போது பங்காளிகள் எத்தனை பேர் என்று அவர்களுக்கே கணக்கு இருக்காது. முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்தால்தான் உண்டு. சில வருஷமாக அதுவும் இல்லை. காவலுக்கு இருந்த பெரியவர் இறந்த பிறகு பூட்டின பூட்டு அப்படியே கிடக்கிறது.

அந்தப் பெரியவரின் பேரன்தான் என் மகன் கதிருக்குக் கூட்டாளி. பெயர் எழுதவில்லை, கடிதம் யார் கையிலும் படலாம். பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதியிருந்தான். மே மாதம் முடிவு வந்தது. மற்றதெல்லாம் தேறிவிட்டான், கணக்கில் மட்டும் 35 எட்டவில்லை. அப்பா துபாயில். அவர் போனில் பேசிய பேச்சு பக்கத்து வீடு வரை கேட்டதாம். சாயங்காலம் கடைக்குப் போவதுபோல் போனவன் ராத்திரி வரவில்லை.

அவன் அம்மா என்னைத்தான் முதலில் தேடி வந்தாள். இரண்டு பேருமாகக் காவல் நிலையம் போனோம். அங்கே இருந்தவர், "பரீட்சைக் கோபத்துல போயிருப்பான், ஒரு நாள் பாருங்கம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கன்வாடிப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை காணோம் என்றால் அந்த நேரமே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு நாள் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைச் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அங்கேயே நின்று போன் போட்டேன். பிறகு புகாரை எழுதிக்கொண்டார்கள். உன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது இதை நீயும் சொல்லு. அந்த "ஒரு நாள் பாருங்க" பேச்சை நம்பித் திரும்பிப் போகிற தாய்மார் எத்தனை பேரோ.

மறுநாள் முழுக்கத் தேடல். பேருந்து நிலையம், ரயிலடி, பிள்ளையார்பட்டி, சொந்தக்காரர் வீடுகள். வந்தவர்கள் எல்லோரும் கதிரைப் பிடித்து உலுக்கினார்கள். "உனக்குத் தெரியாம இருக்குமா? சொல்லுடா." அவன் வாயே திறக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் கிடைச்சா திட்ட மாட்டோம்டா, நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். இருட்டுகிற நேரத்தில் பார்த்தால் கதிரைக் காணோம்.

அப்புறம் அவன் சொல்லித்தான் எனக்கு மிச்சம் தெரியும். அந்தப் பெரிய வீட்டின் அடுப்படிப் பக்கம் மதில் ஓரிடத்தில் இடிந்திருக்கிறது. இரண்டு பேரும் சின்னதிலிருந்தே அந்த வழியாகப் போய் வருவார்களாம். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தானாம். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தனியாக உள்ளே போயிருக்கிறான். முதலில் வவ்வால் எச்சத்தின் நாற்றம் மூக்கை அடைத்ததாம். கூப்பிட்ட குரல் நடு முற்றமான வளவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்ததாம். மேலே புறாக்கள் படபடவென்று கிளம்பியதில் போனைக் கீழே போட்டுவிட்டான். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகச் சுற்றிலும் அறைகள் இருக்குமே, அத்தனையும் பூட்டு. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்திருக்கிறான். பதில் இல்லை. பயத்தில் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தபோது முகப்புப் பக்கம் வெளிச்சம் அடித்திருக்கிறான். வளவுக்குள் இறங்குகிற படியோரம் ஒரு ஜோடி செருப்பு. ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றி வைத்தது. அந்த வீட்டுக்குள் செருப்போடு நடக்கக் கூடாது என்று காவலுக்கு இருந்த தாத்தா பேரனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இடிந்து கிடக்கிற வீட்டிலும், அழுதுகொண்டு ஓடி வந்த வேளையிலும் அந்தப் பிள்ளை அதை மறக்கவில்லை. சிவகாமி, இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது.

செருப்புக்கு நேரே தரையின் ஆத்தங்குடிக் கல்லில் படிந்த தூசியில் வெறுங்கால் தடம். அதைப் பிடித்துக்கொண்டே போனால் மாடிப் படி. மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி பர்மா தேக்கே உளுத்திருக்கிறது. நடுவில் இரண்டு பலகை முறிந்து தொங்கியதாம். அதற்குக் கீழே மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் கூட்டாளி கிடந்திருக்கிறான். கணுக்கால் வீங்கிப் போய், போனில் சார்ஜ் இல்லாமல், முந்தின ராத்திரியிலிருந்து. கத்திப் பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது. கதிர் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தனி வீட்டில் யார் போய்ப் பார்த்திருப்பார்கள்?

எனக்குப் போன் வந்தது. "அம்மா, இருக்கான். கூட்டமா வராதீங்க. நீயும் அவங்க அம்மாவும் மட்டும் வாங்க. தண்ணி கொண்டு வா." நாங்கள் போனபோது அவன் கூட்டாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிட்டியாடா" என்றுதான் கேட்டாள். எலும்பில் சின்ன விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஊரில் இப்போது கதிரைத் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். முதல் நாளே சொல்லாமல் போனானே என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதட்டிக் கேட்டால் எந்தப் பிள்ளை கூட்டாளியைக் காட்டிக் கொடுக்கும்? சொன்னால் அவனுக்கு அடி விழும் என்றுதான் இவன் பயந்திருக்கிறான். காணாமல் போன பிள்ளை எங்கே இருப்பான் என்பது பெரியவர்களைவிட அவன் வயசுக்காரனுக்குத்தான் தெரியும். அவன் நம்பிப் பேசுகிற மாதிரி நாம் நடந்துகொள்ள வேண்டாமா?

அப்பா துபாயிலிருந்து பேசினார். அழுதார் என்று அவன் அம்மா சொன்னாள். பிள்ளை இன்னும் ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்திருக்கிறான் என்பதால் அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் பேசி ஆலோசனை கேட்டிருக்கிறோம், கொஞ்சம் தேவலை. பங்காளிகளில் ஒருவர் மதுரையிலிருந்து வந்து மதிலை அடைத்துவிட்டுப் போனார். வீட்டை விற்கிற பேச்சும் அடிபடுகிறது.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. ஜூலையில் துணைத் தேர்வு, பணம் கட்டியாயிற்று. தேறிவிட்டால் இந்த வருஷமே பதினொன்றில் சேர்ந்துவிடலாம். இயற்கணிதம்தான் அவனுக்குப் பிடிபடவில்லையாம். இத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருக்கிறாய், சாயங்காலம் அரை மணி நேரம் போனில் சொல்லிக் கொடுக்க முடியுமா? கதிரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான், அடுத்த வருஷம் அவனும் அதைத்தான் எழுத வேண்டும். உனக்கு எந்த நேரம் தோது என்று எழுது, அல்லது ஒரு மிஸ்டு கால் கொடு.

உன் மகளுக்கு என் ஆசியைச் சொல்லு.

அன்புடன்,
வள்ளி