சூரியனைப் படித்த பெண்

ஆசிரியருக்கு வணக்கம். சூரியனைப் பற்றிய உங்கள் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அதில் வானியலாளர் செசிலியா பெய்ன் பெயர் இல்லாதது மனதை உறுத்தியது.

பூமியில் உள்ள தனிமங்கள்தான் கிட்டத்தட்ட அதே அளவில் சூரியனிலும் இருக்கின்றன என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பிய காலம் அது. ஹார்வர்டு வானாய்வகத்துக் கண்ணாடித் தகடுகளில் பதிந்திருந்த விண்மீன் நிறமாலைகளை, அதாவது நிறம் நிறமாகப் பிரிந்த விண்மீன் ஒளியில் ஒவ்வொரு தனிமமும் பதித்துச் செல்லும் மெல்லிய கருங்கோடுகளை, பெய்ன் பொறுமையாக ஆராய்ந்தார். ஒரு கோடு அழுத்தமாகத் தெரிந்தால் அந்தத் தனிமம் அங்கே அதிகம் என்று அர்த்தமில்லை. வெப்பநிலையும் கோட்டின் அழுத்தத்தை மாற்றும். வெப்பநிலையின் விளைவைப் பிரித்துக் கணக்கிட நம் இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் சமன்பாடு கைகொடுத்தது. கணக்குப் போட்டால், சூரியன் போன்ற விண்மீன்களில் உலோகங்களைவிட ஹைட்ரஜன் சுமார் பத்து லட்சம் மடங்கு அதிகம்!

1925இல் பெய்னின் ஆய்வேடு வந்தது. மூத்த விஞ்ஞானி ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே, அது உண்மையாக இருக்காது என்று பெய்ன் எழுத நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. அப்புறம் 1929இல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

பெய்னைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்