விக்டோரியா அருவியில் அணை கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆப்பிரிக்க மின்வெட்டு பற்றிய கட்டுரையில், ‘மின் நிலையம் கட்டிக் கொடுத்தாலும் வைத்துக் காப்பாற்றத் தெரியாத மக்கள்’ என்று ஒரு வரி வந்திருந்தது. ஜாம்பியாவின் லுசாகாவில் பதினாறு வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை.

2024-ல் எங்கள் தெருவுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் கரண்ட் வந்தால் அதிகம். எதிர்வீட்டு வெல்டர் ராத்திரி ஒரு மணிக்கு லைட் எரிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேட் அடிப்பார். வெல்டிங் வெளிச்சம் எங்கள் ஜன்னலில் வெட்டி வெட்டி விழும். தூக்கம் கெடுகிறது என்று தெருவில் ஒருவரும் அவரிடம் போய் நிற்கவில்லை. கரண்ட் போவதற்குள் அவர் முடித்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இவர்களுக்கா காப்பாற்றத் தெரியாது?

தாங்கள் அறியாததல்ல, அந்த நாட்டு மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீரிலிருந்து வருகிறது. பசிபிக் கடல் சூடேறி வானிலையைக் குழப்பும் எல் நினோவால் மழை பொய்த்தது. ஜாம்பேசி ஆற்றுக் கரிபா அணை தேக்கி வைக்கும் கரிபா ஏரியில் மின்சாரத்துக்கு எடுக்கக்கூடிய நீர் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1,080 மெகாவாட் நிலையம் வைத்திருந்து என்ன செய்வது, சுழற்றத் தண்ணீர் வேண்டாமா?

‘கட்டிக் கொடுத்தாலும்’ என்ற சொல்லும் சுடுகிறது. வெள்ளையர் ஆட்சியில் அந்த அணைக்காக, ஆற்றங்கரையில் வாழ்ந்த டோங்கா மக்கள் சுமார் 57,000 பேரை ஊரைவிட்டு எழுப்பினார்கள். மின் நிலையத்தை முதலில் தென்கரையில், இன்றைய ஜிம்பாப்வே பக்கம் வைத்தார்கள். ஜாம்பியா பக்கத்து வடகரைக்கு எழுபதுகளில்தான் வந்தது. கரண்ட் தாமிரச் சுரங்கங்களுக்குப் போனது. மேட்டு நிலத்துக்கு விரட்டப்பட்டவர்களின் ஊர்கள் பல காலம் மண்ணெண்ணெய் விளக்கில்தான் கிடந்தன.

ஆப்பிரிக்கா என்றாலே தங்கள் பத்திரிகையில் ஒரு சிங்கப் படம் வந்துவிடுகிறது. நைஜரையும் நைஜீரியாவையும் ஒன்றாக்கி எழுதியபோதும் கடிதம் போட்டேன். அது வெளிவரவில்லை, பதிலும் இல்லை. முப்பது வருஷ வாசகன், அதனால் வருத்தம் கூடுதல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். படத்தின் கீழ் ‘விக்டோரியா அருவி அணை’ என்று போட்டிருக்கிறீர்கள். அருவியில் அணை கிடையாது. படத்தில் இருப்பது ஜாம்பேசி ஆற்றில் அருவிக்குக் கீழே, வெகுதூரம் தள்ளி நிற்கும் கரிபா அணை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். ‘ஆப்பிரிக்க நாடு’ என்று போடாமல், ஜாம்பியா என்று பெயர் சொல்லிப் போடுங்கள்.

தங்கள்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திண்டுக்கல்.