கிராம்வெல் தலையை வாங்கியது ஓவியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பட்னியில் பிறந்த கொல்லன் மகன் லண்டன் அரண்மனையையே ஆட்டிவைத்த கதையைக் கட்டுரையாளர் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார். முடிவில்தான் சறுக்கிவிட்டார். ஓவியர் ஹோல்பைன் வரைந்த படத்தில் மயங்கிய ராஜா, மணப்பெண் ஆன் ஆஃப் கிளீவ்ஸை நேரில் பார்த்து ஏமாந்துபோனார், அந்தக் கோபத்தில் கல்யாணத்தை முடித்துவைத்த அமைச்சரின் தலையை வாங்கிவிட்டார் என்கிறார். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லையே!

கல்யாணம் நடந்தது 1540 ஜனவரி 6. கிராம்வெல் கைதானது ஜூன் 10. நடுவில் ஏப்ரலில் அதே ராஜாதான் அவருக்கு எசெக்ஸ் பிரபு பட்டம் கொடுத்தார். பெண் பிடிக்காத கோபத்தில் தலையை எடுக்கப்போகிறவர் இடையில் பட்டமா கட்டுவார்? படம் வரைந்த ஹோல்பைனுக்கோ ஒன்றுமே ஆகவில்லை. கல்யாணமும் ஒரு காரணம், சரி. ஆனால் கிராம்வெல்லின் எதிரிகளான நார்ஃபோக் கோமகனும் பிஷப் கார்டினரும் சமயம் பார்த்துக் காத்திருந்தார்கள். நார்ஃபோக்கின் தம்பி மகள் கேத்தரின் ஹோவர்டு மேல் ராஜாவின் கண் விழுந்திருந்தது. மத விஷயத்தில் கிராம்வெல் ராஜாவையே மிஞ்சிப் போகிறார் என்று ஓதுவது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

கட்டுரையில் நான் தேடியும் கிடைக்காதது ‘அட்டெய்ண்டர்’ என்ற சொல். கோர்ட், சாட்சி, வாதம் எதுவும் வேண்டாம். இன்னார் துரோகி என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டால் போதும், ஆள் தீர்ந்தார். 1539இல் மார்கரெட் போல் என்ற வயதான சீமாட்டியை இப்படித்தான் குற்றவாளியாக்கினார்கள். அவர் வீட்டில் கிடைத்ததாகச் சொல்லி, ராஜாவை எதிர்த்த கத்தோலிக்கக் கலகக்காரர்களின் சின்னமான கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் பின்னப்பட்ட ஒரு அங்கியை அவையில் எடுத்துக் காட்டியவர் கிராம்வெல். மறு வருஷமே அதே சட்டம் அவர் மேல் பாய்ந்தது, அவருக்கும் விசாரணை இல்லை. கைது செய்ய வந்தபோது தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தாராம். சிறையிலிருந்து ராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் ‘கருணை’ என்று மூன்று தடவை எழுதியும் பலனில்லை. ஜூலை 28 அன்று தலை போனது. அதே நாளில் ராஜா கேத்தரினைக் கட்டிக்கொண்டார்.

இன்னொன்று. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன்: ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் உத்தரவு போட்டவர் கிராம்வெல்தான். இங்கிலாந்தில் இன்று வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அதுதான் சொத்து. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், கட்டுரையில் வரும் ‘சாமானியர்களிலிருந்து வந்து சாமானியர்களை மறக்காதவர்’ என்ற வரி. இதை லண்டன் வரலாறு எழுதிய ஜான் ஸ்டோ கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கிராம்வெல் த்ராக்மார்ட்டன் தெருவில் பெரிய வீடு கட்டியபோது, தோட்டம் போதவில்லை என்று அக்கம்பக்கத்தாரின் வேலிகளைப் பிடுங்கி, ஒவ்வொருவர் மனையிலும் 22 அடி உள்ளே அளந்து, கயிறு பிடித்து மதில் எழுப்பிவிட்டார். ஸ்டோவின் அப்பாவுக்கு வேலியோரம் ஒரு வீடு இருந்தது. அதை அடியோடு பெயர்த்து, உருளைகள் மேல் வைத்து, 22 அடி உள்ளே தள்ளி நிறுத்திவிட்டார்கள். அவருக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்கு, எஜமான் சொன்னார், செய்தோம் என்று வேலையாட்கள் பதில் சொன்னார்கள். போய் வாதாட யாருக்கும் தைரியம் வரவில்லை. மிஞ்சிய பாதித் தோட்டத்துக்கு அந்த அப்பா வருஷம் 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று பழைய முழு வாடகையையே கட்டிவந்தார்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
கும்பகோணம்