குனியப் பயப்படாதே, கண்ணு

கண்ணு,

நேற்று ராத்திரி மருமகள் போனில் பேசினாள். நாலு மாதமாக நீ பாப்பாவைத் தூக்குவதே இல்லையாம், அவள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தால் "அப்பாவுக்கு முதுகு வலி தங்கம்" என்று அம்மா பக்கம் திருப்பி விடுகிறாயாம். அதைக் கேட்டதில் இருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாள், உன் அக்கா படித்துச் சொன்னாள். டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் இருக்கிறது, ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்று அங்கே ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார், நீயும் தேதி குறிக்கிற யோசனையில் இருக்கிறாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி சாமி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2005இல் பனியன் கம்பெனியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது நீ ஆறாவது படித்தாய். ஜவ்வு விலகிவிட்டது, குனியவே கூடாது, தூக்கவே கூடாது என்றார்கள். பெல்ட் வாங்கிக் கட்டினேன், பத்து நாள் எடை கட்டி இடுப்பை இழுக்கிற இழுவை வைத்தார்கள், வலிக்கிற இடத்தில் லேசாகக் கரண்ட் வைத்தார்கள். அப்புறம் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மிஷின் போட்டேன். பாபின் கீழே விழுந்தால் குனிந்து எடுக்கமாட்டேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அது அங்கேயே கிடக்கும். பையைக் கழற்றும் முன்னே மிஷினுக்கு அடியில் புகுந்து பாபினை எடுத்து என் கையில் கொடுப்பாய். கொடுத்துவிட்டு "நீ குனியாதம்மா" என்பாய். பதினொரு வயதுப் பிள்ளை. முதுகு என்றால் கண்ணாடிச் சாமான், தொட்டால் உடைந்துவிடும் என்பதை நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு நீ பாப்பாவைத் தூக்கப் பயப்படுகிறாய் என்றால் அதில் என் பங்கும் இருக்கிறது.

பதினேழு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. 2022இல் பக்கத்து வீட்டு அத்தைக்குப் பக்கவாதம் வந்து, அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோ பொண்ணு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் திண்ணையில் இருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். அத்தைக்குப் பார்த்து முடித்த பிறகு நம் வீட்டுக்கு வந்தாள். கால் விரலை எல்லாம் அழுத்திப் பார்த்தாள், குதிகாலில் நிற்கச் சொன்னாள், மரத்துப்போகிறதா என்று கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. கோரைப்பாயை விரித்து மல்லாக்கப் படுக்க வைத்தாள். இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கச் சொன்னாள். ஒரு சாண்கூடத் தூக்கவில்லை, தொடை கிடுகிடுவென்று நடுங்கியது. ஐந்து எண்ணும்வரை இடுப்பை அப்படியே வைத்திருந்துவிட்டு இறக்கச் சொன்னாள். "வலிக்குதாக்கா?" என்றாள். வலித்தது. "எப்பவும் வலிக்கிறதைவிட அதிகமா?" என்றாள். இல்லை. அப்புறம் மிஷின் மேலிருந்து ஒரு பாபினை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "இதை எடுங்கக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளி, எடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பதினேழு வருஷம் கழித்து என் கையாலேயே எடுத்தேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் காகிதத்தைப் பார்த்து நடுங்காதே. வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள், உன் அக்கா எடுத்துக் காட்டினாள். முப்பது வயதிலேயே நூற்றில் 40 பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 52 பேருக்குத் தேய்மானம். எண்பது வயதில் 84 பேர், 96 பேர். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது! தலை நரைப்பது மாதிரி அது. உன் படத்தில் இருக்கிற பிதுக்கம்தான் உன் வலிக்குக் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒன்று, இதை மட்டும் அலட்சியப்படுத்தாதே. கால் பலம் குறைந்தாலோ, பாதம் தூக்க வராமல் இழுத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே, நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. ஆபரேஷன் வேண்டிய இடத்தில் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. உனக்கு அதெல்லாம் எதுவும் இல்லை, காலுக்குக்கூட வலி இறங்கவில்லை, இடுப்பு மட்டும்தான் என்கிறாய். அப்படி என்றால் அவசரமே இல்லை. இன்னொரு டாக்டரிடம் காட்டி, "கத்தி வைக்காமல் என்னவெல்லாம் பண்ணலாம், எத்தனை மாதம் பண்ணிப் பார்க்கலாம்?" என்று வாய்விட்டுக் கேள்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இடுப்பு வலிக்கென்றே முதல்முறையாக ஒரு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைக் கேட்டபோது என் வயிறு எரிந்தது. எனக்குப் பண்ணியதெல்லாம் வேண்டாம் என்கிற பக்கத்தில் இருக்கிறது: பெல்ட், இழுவை, கரண்ட். வலிக்கு வைக்கிற அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் அந்தப் பக்கம்தான். செய்யலாம் என்கிற பக்கத்தில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிப் புரிய வைப்பது, மனசுக்கான சிகிச்சை, மசாஜ், அக்குபங்சர், தேர்ந்தவர் கையால் முதுகெலும்பை அசைத்துக் கொடுப்பது. மிளகாய்ச் சத்துள்ள களிம்புகூட இருக்கிறது. மசாஜும் தைலமும் கொஞ்ச நேரத்துக்கு இதம், அந்த இதத்தில் எழுந்து நட, அதோடு படுத்துவிடாதே. முதுகில் ஏறி மிதிக்கிறேன், ஒரே இழுப்பில் சரிபண்ணுகிறேன் என்று வருகிற ஆட்களிடம் மட்டும் போகவே போகாதே.

மாத்திரையும் அப்படித்தான். வலி, வீக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் கொஞ்ச நாள் போடலாம், ஆனால் நீ மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறாய் என்று தெரிகிறது. வயிற்றில் புண் வரும், கிட்னிக்குக் கெடுதல். அபின் வகை மாத்திரை இந்த வலிக்கு வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். முதுகெலும்பில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி காலுக்கு இறங்குகிற வலியைக் கொஞ்ச நாள் தணிக்குமாம், வெறும் இடுப்பு வலிக்கு அவ்வளவாக உதவாதாம்.

அந்த மனசு விஷயத்தில் நீ கோபப்பட்டாயாம், "என் வலி என்ன பொய்யா?" என்று. பொய் இல்லை சாமி. நாலு மாதம் வலித்த உடம்பில் நரம்பு, வாசலில் இலை விழுந்தாலும் குரைக்கிற நாய் மாதிரி ஆகிவிடுகிறது. திருடன் வரவில்லை, ஆனால் குரைப்பது நிஜம். அந்த நாயைப் பழக்குவதற்குத்தான் கவுன்சிலிங். வேலையில் நெருக்கடி, தூக்கம் இல்லை, ஆபரேஷன் பயம், எல்லாமே அதைக் குரைக்க வைக்கும்.

தரையில் படுக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். உன் பாட்டி சொன்னது அது, நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் படுத்தேன். 2003இல் ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்ததில் ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தைதான் வலியைக் குறைத்திருக்கிறது. போய்க் கட்டிலில் படு. பகலில் படுக்காதே.

நடை. இதைத்தான் நான் அடித்துச் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து தேறியவர்கள் 701 பேரை வைத்து ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். படிப்படியாக நடைக்குப் பழக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, அப்படிப் பழக்கப்படாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. வலி இருக்கும்போதே தொடங்கலாமா என்றால், நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரம் மாரியம்மன் கோயில் வரை, பத்து நிமிஷம். அடுத்த வாரம் கோயிலைத் தாண்டி ரேஷன் கடை வரை. நடுவில் ஒருநாள் இரண்டு மடங்கு நடந்துவிட்டு மூன்று நாள் அவஸ்தைப்பட்டேன். அந்தப் பொண்ணு திட்டவில்லை, "கொஞ்சம் குறைச்சுக்கோங்கக்கா, நிறுத்தாதீங்க" என்றாள். வலி கூடினால் எலும்பு முறிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு மாதம் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் சாயங்காலம்தான், இன்றைக்கு இடுப்பை நினைக்கவே இல்லையே என்று தோன்றியது. இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் குனிகிறேன், குடம் தூக்குகிறேன், மிஷின் மிதிக்கிறேன்.

அங்கே ஒரு நல்ல பிசியோவைப் பார். வெறுமனே கரண்ட் வைத்து அனுப்புகிற இடம் என்றால் வேறு இடம் பார், பயிற்சி சொல்லிக்கொடுத்து வாராவாரம் கூட்டுகிற ஆள் வேண்டும்.

பாப்பாவை உடனே தரையில் இருந்து தூக்க வேண்டாம். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள். அது பழகியதும் அவளைக் கட்டில் மேல் நிற்க வைத்து, உடம்போடு அணைத்துத் தூக்கு. தரையில் இருந்து தூக்குவது அப்புறம்.

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். ஷூவைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி நில். நான் இங்கே கோயில் பக்கம் நடக்கிறேன், நீ அங்கே உங்கள் பில்டிங்கைச் சுற்று. பத்து நிமிஷம்தான். பாப்பா எழுந்துவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு வா, கையைப் பிடித்து நடக்கட்டும்.

அம்மா